சனி, ஞாயிறு மின்சாரம் இலவசம்

அக்காவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நாளைக்கே போன் வரும். "இதுல பாதி நான் இல்லடி, நீயா சேர்த்தது. எடுத்துடு" என்பார். தன்னுடையது இல்லாத ஒன்றைத் தன் பெயரில் வைத்துக்கொள்ள அந்த மனுஷிக்குத் தெரியவே தெரியாது. ஹூஸ்டனுக்குத் தெற்கே சுகர் லேண்டில், ஒரே டவுன்ஹவுஸ் வரிசையில், இரண்டு வீடு தள்ளி நான்கு வருஷம் இருந்தோம். பிறகு அவர் கணவருக்கு சியாட்டில் பக்கம் வேலை மாறி, குடும்பத்தோடு போய்விட்டார்கள்.

யாராவது "சாம்பார் பிரமாதம்" என்று சொன்னால் போதும், "பொடி எங்க மாமியார் அனுப்பினது" என்று பாராட்டைக் கையோடு திருச்சிக்கு அனுப்பிவிடுவார். புடவை நன்றாக இருக்கிறது என்றால் எடுத்துக் கொடுத்தது நாத்தனார். மகள் வரைந்த மயில் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியபோது, வந்திருந்தவர்களிடமெல்லாம் "தோகை மட்டும் அவ ஃப்ரெண்டு போட்டுக் குடுத்தா" என்றார். அந்தப் பெண் "அம்மா, ஸ்டாப்!" என்று கத்திக்கொண்டு மாடிக்கு ஓடிவிட்டது.

ஒருமுறை ஹில்கிராஃப்டில் மளிகை வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தோம். நான்தான் ஓட்டினேன். பாதி வழியில் அக்கா பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, தூக்கத்தில் பேசுகிறவர் குரலில், "கொத்தமல்லி ரெண்டு கட்டு எடுத்தோம். ஒண்ணுக்குத்தான் போட்டிருக்கான்" என்றார். அடுத்த தடவை கொடுத்துக்கலாம் என்றேன். அவரோ மடியில் அந்தக் கட்டை வைத்துக்கொண்டு, வேறு யாருடைய குழந்தையையோ பார்ப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டு வந்தார். எத்தனை நேரம் பொறுக்கமுடியும்? ஃப்ரீவேயில் அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, திட்டிக்கொண்டே வண்டியைத் திருப்பினேன். கல்லாவில் இருந்த பெண், நாங்கள் புகார் சொல்ல வந்திருக்கிறோம் என்று நினைத்து முதலில் பயந்துபோனாள்.

அவர் பேச்சே அப்படித்தான். மெதுவாக, நடுநடுவே எங்கேயோ போய்விட்டு வரும். கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு கால் சென்டரில் வேலை பார்த்தவர் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அங்கே அவருக்கு ஓர் அமெரிக்கப் பெயர் வைத்திருந்தார்களாம். "அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்பவே மாட்டேன். டீம் லீடர் தலையில அடிச்சுப்பார்" என்பார். இங்கே ஹெச்-ஃபோர் விசாவில் இருந்ததால் வேலைக்குப் போகமுடியாது. வீட்டின் போன் காரியங்கள் எல்லாம் அவர் தலையில். இன்ஷூரன்ஸ், டென்டிஸ்ட், இன்டர்நெட் எதுவானாலும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, ஒரு தட்டில் பூண்டைக் கொட்டிக்கொண்டு உட்காருவார். ஹோல்டில் பியானோ வாசித்துக்கொண்டிருக்கும். மத்தியான வெயில் பிளைண்ட்ஸ் வழியாக கார்ப்பெட்டில் கோடு கோடாக விழும். அவர் பாட்டுக்கு உரித்துக்கொண்டிருப்பார். எத்தனை நேரம் ஹோல்டு என்று கேட்டால், "இன்னிக்கு ரெண்டு கிண்ணம்" என்பார்.

அவரை வேறொரு கரண்ட் கம்பெனிக்கு மாறவைத்ததே நான்தான். இங்கே கம்பி ஒன்றுதான், ஆனால் பில் எந்தக் கம்பெனியிடமிருந்து வரவேண்டும் என்று நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். நான் இருந்த கம்பெனியில் ஒரு புது பிளான் வந்தது. சனி, ஞாயிறு கரண்ட் முழுக்க இலவசம், மற்ற நாளில் ரேட் கொஞ்சம் தூக்கல். ஆள் சேர்த்துவிட்டால் சேர்த்தவருக்கு கிஃப்ட் கார்டு. விடுவேனா?

"ஊர்ல கிரைண்டரை இலவசமா குடுத்தாங்க. இங்க அதை ஓட்டற கரண்டையே குடுக்கறான். வாங்கிக்க வேண்டியதுதானே அக்கா?" என்றேன்.

"சும்மா வாங்க ஒரு மாதிரி கூச்சமா இருக்குடி."

"பிளான்லயே எழுதியிருக்கு. கூச்சத்தைக் கொண்டுபோய் குப்பையில போடுங்க."

ஜனவரியில் மாறினார். மாறிய பிறகு அவர் வீட்டுச் சனிக்கிழமைகளைப் பார்க்கவேண்டுமே! வாரத்துத் துணியெல்லாம் அன்றைக்குத்தான் தோய்ப்பார். டிரையர் ஒரு பக்கம் உருளும். தமிழ்ப்பள்ளி விழாவுக்கு இட்லி என்றால் மாவு அக்கா வீட்டில்தான் அரைக்கவேண்டும், நாற்பது பேருக்கென்றாலும். ஓவனில் யாரோ கேக் வைத்திருப்பார்கள். என் வாஷிங் மெஷின் கெட்டுக் கிடந்த ஆறு வாரமும் என் வீட்டுப் போர்வைகள் அங்கேதான் தோய்ந்தன. வீடு முழுக்க ஒரு ரீங்காரம். குழந்தைகள் டிரையரிலிருந்து வந்த சூடான துணிக்குவியல் மேல் படுத்துத் தூங்கிவிடும். நாங்களும் சோபாவில் சரிந்து, அரைத்தூக்கத்தில் ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்போம். இத்தனைக்கும் ஒரு காசு கிடையாது என்ற நினைப்பே ஒரு போதை.

முதல் பில் வந்தது. பழைய பில்லை விட அதிகம். சரி, முதல் மாதம் அப்படித்தான் என்று விட்டோம். இரண்டாவதும் அப்படியே வந்ததும் அக்கா கம்பெனி வெப்சைட்டுக்குள் போய், நாள்வாரியாக எப்போது எவ்வளவு கரண்ட் ஓடியது என்ற வரைபடத்தைத் திறந்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். காலை ஐந்து மணிக்குச் சின்னதாக ஒரு மேடு. பதினோரு மணிக்கு ஒரு குன்று. சாயங்காலம் ஒரு மலை. சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கோடு தரையில் படுத்துவிடுகிறது. ஞாயிறு சாயங்காலம் வரை எழுந்திருக்கவே இல்லை.

"நாம சனிக்கிழமை அந்த ஆட்டம் ஆடறோம், இதுல ஒண்ணுமே இல்லையே?" என்றேன்.

"அதான் பார்க்கறேன். ஃப்ரிட்ஜ் கூட ஓடலை பாரு."

இப்படித்தான் அந்தப் பஞ்சாயத்து ஆரம்பித்தது. வாரத்தில் இரண்டு நாள் அக்கா போன் போடுவார். எதிர்முனையில் ஒரு பெண்ணோ பையனோ, வாரக்கடைசியில் உபயோகம் பூஜ்யம், நீங்கள் ஊரில் இருந்திருக்கமாட்டீர்கள் என்று படிப்பார்கள். அக்கா சிரித்த முகமாக, "இல்லம்மா, நான் ஊர்லதான் இருந்தேன். மாவு அரைச்சேன்" என்பதை ஆங்கிலத்தில் சொல்வார். மீட்டரைச் சோதித்துவிட்டோம், நன்றாக இருக்கிறது என்பார்கள். சரி, இன்னொரு தடவை சோதியுங்கள், உங்களுக்குச் சிரமம் என்று தெரியும் என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"நாலு கத்து கத்துங்க அக்கா! கிரைண்டர் என்ன காத்துலயா ஓடுச்சுன்னு கேளுங்க!"

"அந்தப் பொண்ணு என்னடி பண்ணும்? ஸ்க்ரீன்ல இருக்கறதைத்தானே படிக்க முடியும். நானும் ஒரு காலத்துல அப்படிப் படிச்சவதான்."

ஆனால் பணத்தைவிட அவரைப் பிடித்து ஆட்டியது அந்த வரைபடம். தினமும் திறந்து பார்ப்பார். "நம்ம வீட்டுல நமக்குத் தெரியாம யாரோ குடியிருக்காங்கடி" என்றார் ஒருநாள். விளையாட்டாகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். முகத்தில் விளையாட்டு இல்லை. "காலைல அஞ்சுக்கு எழுந்து காபி போடறாங்க. பதினொண்ணுக்கு ஏதோ சமைக்கறாங்க. ஒரே ஒரு ஆள்தான். ரொம்ப நறுக்குனு இருக்கற ஆளு. சனிக்கிழமை ஆனா எங்கயோ போயிடறாங்க. யாரைப் பார்க்கப் போறாங்களோ." செவ்வாய்க்கிழமை மேடு அரைமணி தள்ளி வந்தால், "இன்னிக்கு உடம்பு சரியில்ல போல" என்று கவலைப்படுவார். மார்ச்சிலிருந்து மலைகள் குட்டையாகிக்கொண்டே வந்தன. "பாவம், எதையோ குறைச்சுக்கறாங்க" என்றார். எனக்கு லேசாகப் பயமாகக்கூட இருந்தது. வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே அடைந்து கிடந்து அக்காவுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று என் கணவரிடம் சொன்னேன்.

ஏப்ரல் பில் வந்ததும் நான் பொறுமை இழந்தேன். "கட்டாதீங்க. கட்டிக்கிட்டே புகார் சொன்னா எவன் மதிப்பான்? நிறுத்துங்க, அப்பத்தான் வழிக்கு வருவான்" என்றேன். அக்கா தயங்கினார். மூன்று வாரம் போகும்போதும் வரும்போதும் அதையே ஓதினேன். என் பேச்சைக் கேட்டு நிறுத்தினார். புகார் நிலுவையில் இருக்கும்வரை கட் பண்ணமாட்டார்கள் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். ஆனால் அக்கவுன்ட் அக்காவின் கணவர் பெயரில். விசாரணை முடிந்தது, தவறு ஒன்றுமில்லை, இந்த வியாழக்கிழமைக்குள் கட்டாவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும் என்ற இமெயில் அவருடைய இன்பாக்ஸில் பத்து நாள் திறக்கப்படாமல் கிடந்தது. புதன்கிழமை ராத்திரிதான் பார்த்திருக்கிறார்.

வியாழன் காலை அக்கா முகம் வெளுத்து என் வீட்டுக்கு வந்தார். கட்டிவிடலாமா என்று கேட்டார். "மிரட்டறானுங்க அக்கா. கட் பண்ணட்டும் பார்ப்போம்" என்று நான் வீரம் பேசினேன். எதற்கும் இருக்கட்டும் என்று போனையெல்லாம் சார்ஜ் போட்டு, சமையலைச் சீக்கிரம் முடித்து, அவர் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தோம். மே மாதக் கடைசி. வெயில் எச்சரிக்கை விட்ட நாட்களில் கரண்டைக் கட் பண்ணக்கூடாது என்று ஒரு விதி உண்டு. அன்றைக்கு எச்சரிக்கை இல்லை, வெயில் மட்டும் இருந்தது. பத்து மணி ஆனது. பதினொன்று, பன்னிரண்டு. ஏசி ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. "பார்த்தீங்களா? பயந்துட்டானுங்க!" என்று கைதட்டினேன். காபி போட்டுக் குடித்தோம். அக்காவும் சிரித்தார்.

மூன்று மணி வாக்கில் அக்கா சமையலறை ஜன்னல் ஓரம் நின்று, "அந்தப் பெரியவர் இன்னும் வண்டியிலயே உக்காந்திருக்காரு" என்றார்.

பக்கத்து வீட்டுப் பெரியவரைச் சொன்னார். எழுபத்தைந்து வயதிருக்கும், உயரமான டெக்சஸ்காரர், தனி ஆள். எதிரே பார்த்தால் தொப்பியைத் தொட்டுத் தலையசைப்பார், அவ்வளவுதான் பழக்கம். தன் பிக்கப் டிரக்கை வாசலில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, உள்ளே உட்கார்ந்திருந்தார். மத்தியானத்திலிருந்து அப்படித்தான் இருக்கிறாராம். அங்கேயே ரொட்டி தின்றதையும் அக்கா பார்த்திருக்கிறார்.

செருப்பை மாட்டிக்கொண்டு போய்க் கண்ணாடியைத் தட்டினார். நானும் பின்னாலேயே போனேன். பெரியவர் கண்ணாடியை இறக்கினார். முகம் சிவந்து, சட்டை ஈரமாகி ஒட்டிக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லை, உள்ளே இருக்கமுடியவில்லை என்றார். தன் கம்பெனியைக் கூப்பிட்டிருக்கிறார். பணம் கட்டியாகிவிட்டது, எங்கள் பக்கம் எல்லாம் சரி, வீட்டுக்குள்தான் ஏதோ கோளாறு என்றார்களாம். எலக்ட்ரீஷியன் நாளைக்குத்தான் வருவான்.

"எப்போ போச்சு?" என்று அக்கா கேட்டார்.

"பத்து மணிக்கு."

அக்கா அப்படியே நின்றார். பிறகு இரண்டு வீட்டுக்கும் பொதுவான பக்கவாட்டுச் சுவருக்கு நடந்தார். அங்கே இரண்டு மீட்டர் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மூன்று மாதம் போனில் சொல்லிச் சொல்லி அவருக்கு மீட்டர் நம்பர் மனப்பாடம். அந்த நம்பர் உள்ள மீட்டர் துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. மற்றதில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் தலைக்கு மேலே அக்கா வீட்டு ஏசி இரைந்துகொண்டிருந்தது.

"இவர்தான்டி" என்றார் அக்கா. "அஞ்சு மணிக்குக் காபி போடறவர்."

வீடுகளைக் கட்டினவன் மீட்டர்களுக்கு வீட்டு எண்ணை மாற்றி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான். அக்காவுக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவர்களும், மாறுவதற்கு முன்பு அக்காவும், எல்லா நாளும் ஒரே ரேட் பிளானில் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. பின்னால் இரண்டு கம்பெனி ஆட்களும் வந்து பார்த்து, நம்பரை மாற்றி, நான்கு மாத பில்லையும் இருவருக்கும் திருத்துவதாகச் சொன்னார்கள். தன் பில் சரியான பிறகும் அக்கா விடவில்லை. பெரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அவருடைய கம்பெனிக்கும் தானே போன் போட்டார், அதே மெல்லிய குரலில், ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் பணம் திரும்பி வருகிறவரை. அதெல்லாம் ஒரு மாதக் கதை. எனக்கு மறக்காதது அன்றைய சாயங்காலம்தான்.

அக்கா அங்கேயே வாசலில் நின்று போனில் கார்டு நம்பரைத் தட்டிப் பாக்கியைக் கட்டினார். கரண்ட் திரும்ப வர இரண்டு மூன்று மணி நேரமாகும் என்றார்கள். பெரியவரை உள்ளே அழைத்தார். எங்கள் செருப்புகளைப் பார்த்துவிட்டு அவர் குனிந்து, சிரமப்பட்டு, பூட்ஸைக் கழற்றி வைத்தார். சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார். அக்கா மோர் கொடுத்தார். இஞ்சி போட்ட மோர் அவருக்கு என்னவாக இருந்ததோ, மறுக்காமல் முழுக்கக் குடித்தார். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குளிர்ச்சியிலேயே இருந்தார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன். பிறகு, கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"நல்ல குளிர்ச்சி. எவ்வளவில் வைத்திருக்கிறீர்கள்?"

"எழுபத்திரண்டு" என்றார் அக்கா. இங்கே ஃபாரன்ஹீட் கணக்கு, நம் ஊர்க் கணக்கில் இருபத்திரண்டு டிகிரி.

"நான் எண்பத்து மூன்று. மார்ச்சிலிருந்து. அப்படியும் பில் இறங்கவில்லை. சனி, ஞாயிறில்தான் அதிகமாக ஓடுகிறது என்கிறார்கள். நான் அப்போது இங்கே இருப்பதே இல்லை. என் மனைவி பியூமான்டில் ஒரு முதியோர் ஹோமில் இருக்கிறாள், அவளோடு இருக்கப் போய்விடுவேன். கிளம்பும்போது ஃப்ரிட்ஜைக் காலி செய்து மெயின் ஸ்விட்சையே அணைத்துவிட்டுப் போகிறேன். போனில் கத்திப் பார்த்தேன். அணைத்திருக்கமாட்டீர்கள், மறந்திருப்பீர்கள் என்கிறார்கள்." கண்ணைத் திறந்தார். "மறந்துதான் விட்டேனோ என்று எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது. அவளுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது."

அக்கா சோபாவிலிருந்து இறங்கி அவருக்கு எதிரே கார்ப்பெட்டில் உட்கார்ந்தார். நிதானமாக, நிறுத்தி நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னார். மீட்டர் மாறியிருப்பதை, துணி தோய்த்ததை, மாவு அரைத்ததை, இலவசம் என்று நினைத்து ஏசியைக்கூட அணைக்காமல் விட்டதை. "சனிக்கிழமை ஓடினதெல்லாம் எங்க வீடு. நீங்க அணைச்சிட்டுத்தான் போயிருக்கீங்க. ஒவ்வொரு வாரமும். நான் மூணு மாசமா தினம் பார்த்திருக்கேன். ஒரு வாரம் கூட நீங்க மறக்கலை" என்று அவருக்குப் புரியும்படி ஆங்கிலத்தில் சொன்னார்.

"ஒவ்வொரு வாரமும்?"

"ஒவ்வொரு வாரமும். காலை எட்டு மணிக்கு."

பெரியவர் தொப்பியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை, அதைப் பார்க்கவும் கூடாது என்று நாங்கள் இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோபமே இல்லாமல், தெரிந்துகொள்கிற ஆசையில் கேட்டார்.

"அப்படியானால் இன்றைக்கு ஏன் கட் ஆனது?"

"நான்தான் பில் கட்டாம நிறுத்தி வெச்சேன்" என்றார் அக்கா. "என்னோட முடிவு. தப்பு என்னோடது. மன்னிச்சிடுங்க."

அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. பெரியவர் பரவாயில்லை என்று கை நீட்டி அக்காவின் தோளைத் தட்டினார். பிறகு இரண்டு அடி தள்ளி உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, நல்ல பக்கத்து வீட்டுக்காரி கிடைத்திருக்கிறாள் உனக்கு என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சொல்ல வேண்டியது வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.